ஐந்து தடங்கள் போதும்: சாகினா ஸ்டீயரிங் உறையில் லேசர் கடினமாக்கல் குறித்த நிகழ்வு ஆய்வு

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் உள்ள சாகினா நகரில் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தின் ஸ்டீயரிங் பிரிவு இயங்கி வந்தது. 1970களின் நடுப்பகுதியில் அந்தப் பிரிவு, பவர் ஸ்டீயரிங் பெட்டிக்கு உறையாக அமையும் வார்ப்பிரும்பு ஹவுசிங்கின் துளைக்குள் கார்பன் டை ஆக்சைடு லேசரைச் செலுத்தி, உட்சுவரில் ஐந்து மெல்லிய தடங்களை மட்டும் கடினப்படுத்தும் வேலையை அன்றாட உற்பத்தியாகவே நடத்தத் தொடங்கியது. ஒவ்வொரு தடமும் 1.5 முதல் 2.5 மி.மீ. அகலமும் 0.25 முதல் 0.35 மி.மீ. ஆழமும் உடையது. தடங்களுக்கு இடைப்பட்ட சுவர் முன்பிருந்தபடியே மென்மையாக விடப்பட்டது. இதன் விளைவாகத் துளையின் தேய்மானம் சுமார் பத்தில் ஒரு பங்காகக் குறைந்ததாக அறிவிக்கப்பட்டது. அந்தப் பிரிவின் பொறியாளர்கள் 1977-இல் தங்கள் அனுபவத்தை எழுதி வெளியிட்டனர். வெப்பச் செயல்முறை பற்றிய கையேடுகள் இன்றும் எடுத்துக்காட்டும் நிகழ்வாக இது நிலைத்துவிட்டது.

இந்த நிகழ்வை எஃகுக்கான லேசர் கடினமாக்கலுக்கு முன்னோடியாகக் கொண்டு விரிவாக ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். லேசர் கிடைத்துவிட்டது, இதை எங்கே பயன்படுத்தலாம் என்று தேடிப் போன வேலையாக இதை நான் பார்க்கவில்லை. துளையின் எந்த இடம் தேய்கிறது என்பதைத் திட்டமாகக் கண்டறிந்து, மற்ற இடங்களைச் சூடாக்கவே கூடாது என்று எடுத்த முடிவுதான் இதன் உயிர்நாடி. அந்த முடிவை நிறைவேற்றக்கூடிய கருவியாக லேசர் அமைந்தது.

கருவியின் வயதையும் இங்கே நினைவில் கொள்ள வேண்டும். தியடோர் மைமன் மாணிக்கக்கல்லைக் கொண்டு முதல் லேசரை இயக்கிக் காட்டியது 1960-இல். மகாராஷ்டிரத்தின் பாராமதியில் பிறந்த குமார் படேல், அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் கார்பன் டை ஆக்சைடு லேசரை உருவாக்கியது 1964-இல். அதிலிருந்து பத்தாண்டு அளவிலேயே அந்த வகை லேசர் எண்ணெயும் தூசியும் நிறைந்த ஒரு வாகன உதிரிபாகத் தொழிற்சாலையில் வேலைக்கு நின்றது என்பது வியக்கத்தக்கது. சாகினாவில் பயன்பட்டவை 500 வாட், 1 கிலோவாட் அளவிலான இயந்திரங்கள். இன்றைய கணக்கில் சிறிய திறன்கள்தாம்.

உறைக்குள் நடப்பது என்ன

அக்காலப் பவர் ஸ்டீயரிங் பெட்டியின் அமைப்பைப் புரிந்துகொண்டால்தான் ஏன் சில கோடுகள் போதுமானவை என்பது விளங்கும். ஓட்டுநர் ஸ்டீயரிங் சக்கரத்தைத் திருப்பும்போது அதனுடன் இணைந்த, திருகு போன்ற வார்ம் தண்டு சுழல்கிறது. அந்தத் தண்டின் மேல் சிறு எஃகு உருண்டைகளின் மீது நகரும் ஒரு நட்டு இருக்கிறது. அந்த நட்டே பிஸ்டனாகவும் செயல்படுகிறது. அதன் ஒரு பக்கத்தில் பற்கள் வெட்டப்பட்டிருக்கும். பிஸ்டனின் இருபுறமும் உள்ள அறைகளில் ஏதேனும் ஒன்றுக்கு எண்ணெய் அழுத்தத்தைச் செலுத்தினால் அது பிஸ்டனைத் தள்ளி ஓட்டுநரின் கைக்கு உதவுகிறது. பிஸ்டனின் பற்கள் செக்டார் எனப்படும் அரைவட்டப் பல்சக்கரத்தைத் திருப்ப, அதன் தண்டில் பூட்டிய கை முன்சக்கரங்களைத் திருப்புகிறது.

பல் பல்லைத் தள்ளும்போது விசை முழுவதும் நகரும் திசையிலேயே செல்வதில்லை. பல்லின் பக்கங்கள் சாய்வாக இருப்பதால், விசையின் ஒரு கூறு இரு பாகங்களையும் ஒன்றை விட்டு ஒன்றைப் பிரித்துத் தள்ளுகிறது. செக்டார் தன் தாங்கிகளில் உறுதியாக நிற்கிறது. ஆகவே தள்ளப்படுவது பிஸ்டன். அது உறையின் எதிர்ச்சுவரில் போய்ச் சாய்கிறது. வண்டி நின்ற இடத்தில் சக்கரத்தை முழுவதுமாகத் திருப்பும்போது இந்தச் சாய்வு மிகக் கடுமையாகிறது. கடினமான எஃகுப் பிஸ்டன் மென்மையான வார்ப்பிரும்புச் சுவரின் குறிப்பிட்ட சில பகுதிகளில் மட்டும் மீண்டும் மீண்டும் உரசுகிறது. துளையின் சுற்றளவில் பெரும்பகுதிக்கு இந்த உரசலின் சுமை போய்ச் சேர்வதே இல்லை.

சுவர் தேய்ந்தால் பிஸ்டனுக்கும் துளைக்கும் இடையே இடைவெளி கூடும். பற்கள் ஒன்றோடொன்று பொருந்தும் தொலைவு மாறி, ஸ்டீயரிங்கில் தளர்வு ஏற்படும். எண்ணெய் அழுத்தமும் கசியும். வாகனத்தின் திசையைத் தீர்மானிக்கும் பாகத்தில் இதை அலட்சியப்படுத்த முடியாது.

கைவசம் இருந்த வழிகள்

உறை செய்யப்பட்ட உலோகம் ஃபெரைட் வகை மேலியபிள் வார்ப்பிரும்பு. முதலில் வெள்ளை வார்ப்பிரும்பாக ஊற்றி, பிறகு உலையில் மிக நீண்ட நேரம் பக்குவப்படுத்தினால், கடினமான இரும்புக் கார்பைடு சிதைந்து கார்பன் ஆங்காங்கே கிராஃபைட் முடிச்சுகளாகத் திரண்டுகொள்ளும். எஞ்சியிருக்கும் அடித்தளம் ஏறத்தாழ தூய இரும்பாகிய ஃபெரைட். இந்த உலோகம் அடி தாங்கும், உடையாது, லேத்திலும் போரிங்கிலும் இலகுவாக வெட்டுப்படும். சிக்கலான வடிவமுள்ள ஒரு உறைக்கு இதைவிடப் பொருத்தமான உலோகம் கிடைப்பது கடினம். உரசலைத் தாங்கும் கடினத்தன்மை மட்டும் அதற்கு இல்லை.

இந்த நிலையில் எந்தப் பொறியாளரும் வழக்கமான வழிகளைத்தான் முதலில் எண்ணிப் பார்ப்பார். பாகம் முழுவதையும் உலையில் வைத்துச் சூடாக்கி எண்ணெயில் முக்கினால், துளையின் வட்டம் கோணும். வால்வுக்கான துளைகளும் திருகு மரைகளும் இடம் மாறும். பல மணி நேரம் செலவழித்து அடைந்த மேலியபிள் பக்குவமும் கெட்டுவிடும். மேற்பரப்பில் நைட்ரஜனை ஊடுருவச் செய்யும் நைட்ரைடிங் ஒப்பீட்டளவில் குறைந்த வெப்பத்தில் நடப்பதால் கோணல் குறையும் என்றாலும், நைட்ரைடு உருவாக்கும் கலப்புத் தனிமங்கள் இல்லாத சாதாரண இரும்பில் அது தரும் பலன் குறைவு. நேரமும் அதிகம் பிடிக்கும். இண்டக்‌ஷன் ஹார்டனிங், அதாவது தூண்டிய மின்னோட்டத்தால் மேற்பரப்பைச் சூடாக்கிக் கடினப்படுத்துவது, எஃகுத் தண்டுகளுக்கு அருமையான முறை. ஆனால் இந்தத் துளை முழுமையான உருளை அன்று. செக்டார் பல்சக்கரம் உள்ளே நுழைவதற்கான திறப்பு பக்கவாட்டில் இருக்கிறது. அத்தகைய விளிம்புகளில் மின்னோட்டம் குவிந்து அங்கே அளவுக்கு மீறிச் சூடாகும். கடினமான குழாய் ஒன்றைத் துளைக்குள் இறுக்கி அமர்த்தலாம். அது இன்னொரு பாகம், இன்னொரு பொருத்துதல், இன்னொரு கசிவுப் பாதை.

வேண்டியது இதுதான்: நேர்த்தியாக அளவெடுத்து முடிக்கப்பட்ட துளையின் சில கோடுகளை மட்டும், மற்ற எதையும் தொடாமல், அதன்பின் கிரைண்டிங் தேவைப்படாத வகையில் கடினப்படுத்துவது.

ஒளிக்கற்றை இரும்பில் செய்யும் வேலை

எஃகையோ வார்ப்பிரும்பையோ கடினப்படுத்துவதன் அடிப்படை எந்த முறைக்கும் ஒன்றே. இரும்பை அதன் உருமாற்ற வெப்பநிலைக்கு மேலே சூடாக்கினால் அணுக்களின் அடுக்கு மாறி ஆஸ்டெனைட் உருவாகிறது. எளிய கார்பன் எஃகில் இந்த மாற்றம் 727 டிகிரி செல்சியசில் தொடங்கும். சிலிக்கான் கலந்த வார்ப்பிரும்பில் அதைவிடச் சற்று மேலே. ஆஸ்டெனைட் கணிசமான அளவு கார்பனைத் தன்னுள் கரைத்துக்கொள்ள வல்லது. அதை மெதுவாகக் குளிர்வித்தால் கார்பன் வெளியேறி மென்மையான அமைப்புகள் திரும்பும். சட்டென்று குளிர்வித்தால் கார்பனுக்கு வெளியேற நேரமில்லாமல் சிக்கிக்கொள்ளும். அடுக்கு முறுகி மார்ட்டன்சைட் என்னும் மிகக் கடினமான அமைப்பு பிறக்கும்.

உலை முறையில் சூடாக்கலும் முக்குதலும் வெவ்வேறு வேலைகள். லேசரில் இரண்டும் ஒரே வேலையின் இரு பாதிகள். ஒளிக்கற்றை விழும் சிறு பரப்பு ஒரு வினாடியின் சிறு பகுதிக்குள் ஆயிரம் டிகிரியைத் தாண்டுகிறது. அதற்குச் சற்றுக் கீழே, ஒன்றிரண்டு மில்லிமீட்டருக்கு அப்பால், உலோகம் இன்னும் குளிர்ச்சியாகவே இருக்கிறது. கற்றை நகர்ந்ததும் அந்தக் குளிர்ந்த உலோகம் மேற்பரப்பின் வெப்பத்தைத் தானே உறிஞ்சிக்கொள்கிறது. குளிரும் வேகம் வினாடிக்கு ஆயிரக்கணக்கான டிகிரி. தண்ணீரோ எண்ணெயோ தேவையில்லை. சுற்றியுள்ள உலோகம் போதிய தடிமனாக இருக்க வேண்டும் என்பதே இதன் நிபந்தனை. தடத்தின் ஆழம் 0.3 மி.மீ. அளவே என்பதால், உறையின் சுவர் அந்த நிபந்தனையை எளிதில் நிறைவேற்றியது.

ஆழத்துக்கு ஒரு மேல்வரம்பும் உண்டு, அதை மேற்பரப்பின் உருகுநிலை தீர்மானிக்கிறது. அதிக ஆழத்துக்கு வெப்பத்தைச் செலுத்த வேண்டுமானால் மேற்பரப்பை இன்னும் சூடாக்க வேண்டும், அல்லது கற்றையை இன்னும் மெதுவாக நகர்த்த வேண்டும். எஃகுக்கு இந்த விஷயத்தில் தாராளமான இடமுண்டு. நடுத்தரக் கார்பன் எஃகு 1400 டிகிரியைத் தாண்டிய பிறகே உருகத் தொடங்கும். வார்ப்பிரும்பில் கிராஃபைட்டும் ஆஸ்டெனைட்டும் தொட்டுக்கொள்ளும் இடங்களில் 1150 டிகிரி அளவிலேயே உருகல் தொடங்கிவிடும். உருமாற்றத்துக்கும் உருகலுக்கும் இடையே ஏறத்தாழ 350 டிகிரி மட்டுமே உள்ள ஒரு குறுகிய பாதையில் சாகினாவின் இயந்திரங்கள் நாள்தோறும் நடந்தாக வேண்டியிருந்தது.

இத்தனைக்கும், வெப்பநிலையைக் கண நேரத்தில் அளந்து திறனைத் திருத்தும் வசதி அன்றைய உற்பத்திக்கூடத்தில் இல்லை. கற்றையின் திறன், குவியத்திலிருந்து அதன் விலகல், நகரும் வேகம், மேற்பூச்சின் தன்மை ஆகிய நான்கையும் முன்கூட்டியே நிலைப்படுத்தி, பிறகு அவை மாறாமல் காப்பதுதான் அன்று இருந்த ஒரே வழி.

ஃபெரைட் அடித்தளத்தின் சிக்கல்

இந்த நிகழ்வில் என்னை மிகவும் ஈர்ப்பது உலோகத் தேர்வு. லேசர் கடினமாக்கலுக்கு எளிதான உலோகங்களை வரிசைப்படுத்தினால் ஃபெரைட் மேலியபிள் இரும்பு கடைசி இடங்களில் வரும்.

காரணம் கார்பனின் இருப்பிடம். நுண்ணிய பெர்லைட் அமைப்புள்ள எஃகில் கார்பைடுத் தகடுகள் ஒரு மைக்ரானுக்கும் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) குறைவான இடைவெளியில் அடுக்கப்பட்டிருக்கும். சூடானதும் கார்பன் கண நேரத்தில் எங்கும் பரவிவிடும். ஃபெரைட் வார்ப்பிரும்பில் கார்பன் முழுவதும் கிராஃபைட் முடிச்சுகளில் அடைபட்டிருக்கிறது. முடிச்சுக்கும் முடிச்சுக்கும் இடையே பல பத்து மைக்ரான் தொலைவுக்குக் கார்பன் இல்லாத இரும்புதான். 1000 டிகிரியில் ஆஸ்டெனைட்டுக்குள் கார்பன் அணுக்கள் ஒரு வினாடியின் பத்தில் ஒரு பங்கு நேரத்தில் பரவக்கூடிய தொலைவு இரண்டு மைக்ரானை ஒட்டியே இருக்கும். ஒரு முழு வினாடி கிடைத்தால் ஐந்தாறு மைக்ரான். உலையில் அரைமணி நேரம் வைத்தால் இருநூறு மைக்ரானைத் தாண்டும். அதனால்தான் உலையில் இந்தச் சிக்கல் எழுவதில்லை.

ஆகவே இத்தகைய இரும்பில் லேசர் தடத்தைக் குறுக்கே வெட்டி, மெருகேற்றி, நைட்டல் என்னும் அமிலக் கரைசலால் அரித்து நுண்ணோக்கியில் பார்த்தால், எஃகில் காண்பதுபோல் ஒரே சீரான மார்ட்டன்சைட் பட்டையை எதிர்பார்க்க முடியாது. ஒவ்வொரு கிராஃபைட் முடிச்சையும் சுற்றிக் கடினமான ஓடு ஒன்று படிந்திருக்கும்; முடிச்சிலிருந்து விலக விலகக் கடினம் குறையும்; வெப்பம் எல்லைக்கு அருகே சென்ற இடங்களில் முடிச்சின் விளிம்பு சற்றே உருகி உறைந்த அடையாளமும் தென்படலாம். கற்றையை மெதுவாக நகர்த்தியும், மேற்பரப்பை உருகுநிலைக்கு அருகே கொண்டுபோயும் இந்த ஓடுகளை ஒன்றோடொன்று நெருங்கச் செய்யலாமே தவிர, அடித்தளம் முழுவதையும் ஒரே சீராக்க இயலாது.

இது குறைபாடாகத் தோன்றலாம். தேய்மானத்தின் கோணத்திலிருந்து பார்த்தால் அப்படியில்லை. பிஸ்டன் சாய்வது பரப்பின் சராசரியின் மீது அன்று. துருத்தி நிற்கும் கடினப் பகுதிகளின் மீதே அது சாய்கிறது. கடினமான ஓடுகள் போதிய நெருக்கத்தில் இருந்தால் அவை சுமையைத் தாங்கிக்கொள்ளும். கிராஃபைட் முடிச்சுகளும் மசகாகத் தம் பங்கை ஆற்றும். உலோகத்தை மாற்றாமல், வார்ப்புச் சாலையின் நடைமுறையைத் தொடாமல், கிடைத்த இரும்பிலேயே போதுமான பலனைப் பெற்றது சரியான பொறியியல் முடிவு என்பேன்.

கருப்புப் பூச்சு

கார்பன் டை ஆக்சைடு லேசரின் அலைநீளம் 10.6 மைக்ரான். அந்த ஒளியைப் பொறுத்தவரை வெட்டி மெருகேறிய இரும்புப் பரப்பு ஒரு கண்ணாடி. விழும் ஒளியில் பத்தில் ஒரு பங்கைக்கூட அது ஏற்காமல் திருப்பி அனுப்பிவிடும். 1 கிலோவாட் கற்றையைச் செலுத்தி நூறு வாட்டுக்கும் குறைவாக வேலை வாங்குவது வீண் என்பதோடு ஆபத்தும்கூட. துளைக்குள் எதிரொளித்த கற்றை எங்கே போய் விழும் என்று சொல்ல முடியாது.

இதற்குக் கிடைத்த தீர்வு வாகனத் தொழிலுக்கு ஏற்கெனவே பழகிய ஒன்று: மாங்கனீசு பாஸ்பேட் பூச்சு. கேம் தண்டு, பல்சக்கரம் போன்ற உரசும் பாகங்களின் தொடக்ககால ஓட்டத்துக்குப் பாதுகாப்பாக இதைப் பூசுவது வழக்கம். பாகத்தைச் சூடான கரைசலில் முக்கினால் மேற்பரப்பில் கருஞ்சாம்பல் நிறப் படிகங்கள் ஒட்டி வளரும். அந்தப் படிகப் பரப்பு லேசர் ஒளியின் பெரும்பகுதியை உறிஞ்சிக்கொள்ளும். வேலை முடிந்தபின் எஞ்சும் பூச்சு எண்ணெயைப் பிடித்துவைத்து உரசலைக் குறைக்கும். அகற்றுவதற்கென்று தனிவேலை கிடையாது. கிராஃபைட் கலவையைத் தெளித்தும் உறிஞ்சலைக் கூட்டலாம். ஆனால் தெளிப்பின் தடிமன் கைக்குக் கை மாறும், தடிமன் மாறினால் கடின ஆழமும் மாறும். உற்பத்திக்கூடத்தில் மறுநாளும் அதே முடிவைத் தரக்கூடியது முக்கி எடுக்கும் பாஸ்பேட் தொட்டிதான்.

ஏன் இடைவெளி விட்ட தடங்கள்

துளையின் உட்சுவரை முழுவதுமாகக் கடினப்படுத்தியிருந்தால் இன்னும் நல்லதாக இருந்திருக்காதா என்று கேட்பவர்கள் உண்டு. அதற்கான விடை மார்ட்டன்சைட்டின் இயல்பிலேயே இருக்கிறது. கடினமான ஒரு தடத்தை ஒட்டி இன்னொரு தடம் போட்டால், இரண்டாவது தடத்தின் ஓரவெப்பம் முதல் தடத்தின் விளிம்பை 300 முதல் 600 டிகிரி வரை மீண்டும் சூடாக்கும். உருமாற்றம் நிகழ அது போதாது. ஏற்கெனவே உள்ள மார்ட்டன்சைட்டைப் பதம் தளர்த்த அது தாராளமாகப் போதும். இரு தடங்களுக்கும் நடுவே கடினம் நூறு இருநூறு விக்கர்ஸ் (கடினத்தின் ஓர் அளவுகோல்) குறைந்த மெல்லிய பட்டை ஒன்று உண்டாகும். உரசல் அதிகமுள்ள இடத்தில் அந்தப் பட்டை விழுந்தால் தேய்மானம் அங்கிருந்தே தொடங்கும். சாகினாவில் தடங்கள் ஒன்றையொன்று தொடாமல் விலகி நின்றதால் இந்தச் சிக்கல் எழவே இல்லை.

கோணல் பற்றிய கவலையும் இதனாலேயே நீங்கியது. மார்ட்டன்சைட் உருவாகும்போது உலோகத்தின் பருமன் சற்றுக் கூடுகிறது. கடினப்பட்ட அடுக்கு விரிய முயல, கீழே உள்ள உலோகம் அதைத் தடுக்க, மேற்பரப்பில் அமுக்கத் தகைவு தங்குகிறது. உரசலைத் தாங்கவும், மீண்டும் மீண்டும் ஏறும் சுமையால் உலோகம் களைத்து விரிசல் விடாதிருக்கவும் அது நல்லதே. அடுக்கின் அளவு பெரிதானால் இதே தகைவு பாகத்தை வளைத்துவிடும். இங்கே அளவு எவ்வளவு என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 2 மி.மீ. அகலமும் நடுவில் 0.3 மி.மீ. ஆழமும் கொண்ட, லென்ஸ் போன்ற குறுக்குவெட்டுள்ள தடத்தின் பரப்பு ஏறத்தாழ 0.4 சதுர மி.மீ. 100 மி.மீ. நீளத்துக்கு 40 கன மி.மீ.; இரும்பின் எடையில் 0.3 கிராம் அளவு. ஐந்து தடங்களும் சேர்ந்தால் ஒன்றரை கிராம். இவ்வளவு உலோகத்தை 1000 டிகிரிக்கு உயர்த்த ஒரு கிலோஜூல் வெப்பம் போதும். சுற்றிலும் கடத்தப்படுவதை ஈடுகட்டக் கற்றை அதைப்போல் பல மடங்கு தர வேண்டியிருக்கும் என்றாலும், உலைக்குள் வைத்தால் ஒவ்வொரு கிலோ வார்ப்புக்கும் ஏறத்தாழ 600 கிலோஜூல் வேண்டும் என்பதோடு ஒப்பிட்டால் வேறுபாடு புலப்படும். ஒரு முழு உறையில் ஒன்றரை கிராம் மட்டும் மாறும்போது துளையின் வட்டம் கோணுவதற்குக் காரணமே இல்லை. இறுதி அளவுக்கு வெட்டிய துளை அந்த அளவிலேயே பொருத்துமிடத்துக்குப் போனது.

எப்படிச் சோதிப்பது

லேசர் கடினமாக்கலை ஏற்றுக்கொள்ளும் பட்டறைகள் பலவற்றில் முதல் சச்சரவு சோதனை மேசையில்தான் எழும். பாகம் வந்ததும் ஆய்வாளர் கடினத்தை அளக்கும் ராக்வெல் இயந்திரத்தில் வைத்து சி அளவுகோலில் அழுத்துவார். முள் 35 அல்லது 40 காட்டும். பாகம் திருப்பி அனுப்பப்படும். தவறு பாகத்தில் இல்லை. ராக்வெல் சி சோதனையில் 150 கிலோ விசையுடன் வைரக்கூம்பு அழுத்தப்படுகிறது. 60 என்ற அளவு காட்டும் உலோகத்தில்கூடக் கூம்பு விட்டுச்செல்லும் குழியின் ஆழம் 0.08 மி.மீ. குழியைப்போல் பத்து மடங்கு தடிமன் கடின அடுக்குக்கு இருந்தால்தான் அளவு நம்பத்தக்கது என்பது பொதுவிதி. அதன்படி 0.8 மி.மீ. தேவை, சாகினாத் தடத்தில் இருந்ததோ 0.35 மி.மீ.க்கு மேற்படாத அடுக்கு. கூம்பு கடின அடுக்கையும் அதன் கீழுள்ள மென்மையான இரும்பையும் சேர்த்தே அழுத்துகிறது. வரும் எண் இரண்டுக்கும் நடுவே எங்கோ நிற்கும்.

விக்கர்ஸ் நுண்சோதனையே இதற்கு ஏற்றது. 300 கிராம் சுமையில் 700 விக்கர்ஸ் கடினமுள்ள பரப்பில் விழும் பதிவின் மூலைவிட்டம் 28 மைக்ரான் அளவும் ஆழம் 4 மைக்ரான் அளவும் மட்டுமே. குறுக்குவெட்டில் மேலிருந்து கீழாக இத்தகைய பதிவுகளை வரிசையாக இட்டால், கடினம் எங்கே சரிகிறது என்பது தெளிவாகத் தெரியும். லேசர் தடத்தில் அந்தச் சரிவு மேற்பரப்பில் கார்பனை ஊடுருவச் செய்யும் கார்பரைசிங்கில் காண்பதுபோல் மெதுவாக இறங்காது. மிகக் குறுகிய தொலைவுக்குள் செங்குத்தாக விழும். உருமாற்ற வெப்பநிலையை எட்டிய உலோகம் கடினமாகியிருக்கும். எட்டாதது பழையபடியே இருக்கும். வார்ப்பிரும்பில் ஓர் எச்சரிக்கையும் வேண்டும்: பதிவு கிராஃபைட் முடிச்சின் மேல் விழுந்தால் எண் பொய்யாகும். ஆகவே முடிச்சுகளை ஒதுக்கிப் பதிய வேண்டும், அவற்றின் மிக அருகே மட்டும் பதிந்து மகிழ்ந்துவிடவும் கூடாது.

வெட்டிச் சோதிப்பது பாகத்தை அழிக்கும் சோதனை என்பதால் ஒவ்வோர் உறைக்கும் அதைச் செய்ய இயலாது. மாதிரிகளை வெட்டிப் பார்ப்பதும், இடைப்பட்ட நேரத்தில் கற்றைத் திறனையும் வேகத்தையும் கண்காணிப்பதுமே நடைமுறை. லேசர் கடினமாக்கலில் தரம் என்பது பெரும்பாலும் இயந்திரத்தின் அமைப்புகளைக் காப்பதில் இருக்கிறது.

அதே நிறுவனத்தின் இன்னொரு வேலை

ஜெனரல் மோட்டார்சின் இன்னொரு பிரிவு, இலினாய் மாநிலத்தில் ரயில் எஞ்சின்களைத் தயாரித்த எலக்ட்ரோ மோட்டிவ், 1970களின் இறுதியில் டீசல் எஞ்சின் சிலிண்டர் லைனர்களின், அதாவது பிஸ்டன் ஓடும் உட்குழாய்களின், உட்சுவரை லேசரால் கடினப்படுத்தத் தொடங்கியது. அங்கே பயன்பட்டவை 5 கிலோவாட் வகை இயந்திரங்கள். பிஸ்டன் வளையம் லைனரின் சுற்றளவு முழுவதிலும் உரசுவதால் சில நேர்க்கோடுகள் போதாது. திருகுமரை போன்று சுற்றிச் செல்லும் தடம் இடப்பட்டது. இரு வேலைகளையும் அருகருகே வைத்துப் பார்க்கும்போது தடத்தின் வடிவத்தைத் தேய்மானத்தின் வடிவமே வரைந்து கொடுத்திருப்பது தெரியும்.

எஃகுக்கு வரும்போது

சாகினாவில் கற்றவற்றை எஃகுக்கு எடுத்துச் செல்லும்போது சில கட்டுப்பாடுகள் தளரும், சில இறுகும்.

உலோகம் இணக்கமாகிறது. நம் பட்டறைகளில் இஎன்8, இஎன்19 என்று வாங்கும் 0.4 விழுக்காட்டு அளவு கார்பன் உள்ள எஃகுகள் லேசரில் 55 ராக்வெல்லைத் தாண்டுவது இயல்பு. 0.3 விழுக்காட்டுக்குக் கீழே கார்பன் இருந்தால் பெரிதாக எதிர்பார்க்க வேண்டாம். இல்லாத கார்பனை லேசர் தராது. ஒரே எஃகிலும் முன்பக்குவம் முக்கியம். ஏற்கெனவே ஹார்டனிங் செய்து பதம் தளர்த்தப்பட்ட எஃகில் கார்பைடுகள் மிக நுண்ணியவை. அது லேசருக்கு உடனே இணங்கும். அனீல் செய்த, அதாவது சூடாக்கி மெதுவாக ஆறவிட்டு மென்மையாக்கிய, நிலையில் கார்பைடுகள் பெரிய உருண்டைகளாகத் திரண்டிருப்பதால் குறுகிய நேரத்தில் கரையாமல் நிற்கும். டி2 போன்ற டூல் எஃகை அனீல் நிலையிலேயே லேசருக்குக் கொடுத்துவிட்டுக் கடினம் வரவில்லை என்று குறைகூறுவதில் நியாயமில்லை; ஃபெரைட் இரும்பில் கண்ட அதே பரவல் கணக்குதான் இங்கும் குறுக்கே நிற்கிறது.

ஒளியும் மாறிவிட்டது. 1990களின் இறுதியிலிருந்து கிலோவாட் திறனுள்ள டயோடு லேசர்கள் பட்டறைக்கு வந்தன. அவற்றின் அலைநீளம் ஒரு மைக்ரானை ஒட்டியது. அந்த ஒளியில் வெற்று எஃகே முப்பது நாற்பது விழுக்காட்டை ஏற்றுக்கொள்ளும். பூச்சு தேவையில்லை என்பதால், பூச்சின் தடிமனால் வந்த ஏற்றத்தாழ்வும் போயிற்று. கற்றை செவ்வக வடிவில் கிடைப்பதால் தடத்தின் அடி ஏறத்தாழ தட்டையாக அமைகிறது. தொடாமலே அளக்கும் பைரோமீட்டர் மேற்பரப்பின் வெப்பநிலையைத் தொடர்ந்து படித்துக் கற்றையின் திறனைக் கண நேரத்தில் திருத்துகிறது. சாகினாப் பொறியாளர்களுக்கு இல்லாத இந்த வசதிதான், என் மதிப்பீட்டில், கடந்த அரை நூற்றாண்டின் மிகப் பெரிய முன்னேற்றம்.

கூர்விளிம்புகள் இதற்கு நல்ல சான்று. கார் உடற்தகடுகளை வெட்டி வளைக்கும் பிரஸ் டைகளில் கடினம் வேண்டியது விளிம்பில். விளிம்பிலோ வெப்பம் வெளியேறும் வழி குறைவு. சமதளத்துக்குச் சரியாக இருந்த திறன் விளிம்பை உருக்கிவிடும். வெப்பநிலையைக் கட்டுப்படுத்தும் இயந்திரம் விளிம்பை நெருங்கியதும் திறனைத் தானே தணித்துக்கொள்கிறது. ரோபோ கையில் பொருத்திய லேசர் தலை ஒரு பெரிய டையின் வளைவுகளை இவ்வாறு சுற்றிவருவது இன்று பல நாடுகளில் வழக்கமான வேலை.

நீராவி டர்பைனின் அலகுகள், அதாவது நீராவி தள்ளிச் சுழற்றும் இறக்கைத் தகடுகள், இன்னொரு வகை. குறைந்த அழுத்தப் பகுதியின் கடைசி வரிசை அலகுகளில் நீர்த்துளிகள் பெரும் வேகத்தில் மோதி முன்விளிம்பை அரிக்கின்றன. ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரிலுள்ள ஃபிரான்ஹோஃபர் ஆய்வு நிலையம் இந்த விளிம்புகளை லேசரால் கடினப்படுத்தும் முறையைத் தொழில்நிலைக்கு வளர்த்தது. மெல்லிய விளிம்பின் பின்னால் வெப்பத்தை உறிஞ்சப் போதிய உலோகம் இல்லாததால், சாகினாவில் நம்பியிருந்த சுயகுளிர்ச்சி இங்கே முழுமையாகக் கிடைக்காது. ஆனால் அலகுகளுக்குப் பயன்படும் 12 விழுக்காட்டு அளவு குரோமியம் கொண்ட எஃகு காற்றில் ஆறினாலே கடினமாகும் இயல்புடையது. அலகின் இரு பக்கங்களிலிருந்தும் ஒரே நேரத்தில் சூடாக்கினால் ஒருபக்கமாக வளைவதும் தவிர்க்கப்படுகிறது.

இறுகும் கட்டுப்பாடு தண்டுகளிலும் பேரிங் வளையங்களிலும் தெரிகிறது. சுற்றளவு முழுவதும் சுமை தாங்கும் பரப்பில் இடைவெளி விட முடியாது. தொடங்கிய இடத்துக்கே தடம் திரும்பி வந்து சேர வேண்டும், சேருமிடத்தில் பதம் தளர்ந்த மென்பட்டை ஒன்று விழும். பட்டை விழும் இடத்தைச் சுமை குறைந்த பக்கத்தில் வைப்பது ஒரு வழி. சிறிய தண்டாக இருந்தால் அதை வேகமாகச் சுழற்றிச் சுற்றளவு முழுவதையும் ஒருசேரச் சூடாக்கலாம். அப்போது தொடக்கமும் முடிவும் இல்லாததால் பட்டையும் இல்லை, ஆனால் பல கிலோவாட் திறன் வேண்டும். பெரிய வளையங்களுக்கு இரண்டு லேசர் தலைகளை ஒரே புள்ளியில் தொடங்கி எதிரெதிர்த் திசைகளில் நகர்த்தி, மறுபக்கத்தில் சந்திக்கும் இடத்தை இரண்டுமாகச் சேர்ந்து உருமாற்ற வெப்பநிலைக்கு மேலே உயர்த்தி, ஒரே நேரத்தில் குளிரவிடுகிறார்கள்.